நீலம் போச்சு, சூடு போகல: உலோக அச்சும் சாணைக்கல்லும்

1997 கோடை. பன்னிரண்டாவது முடித்துவிட்டு பி.இ. சீட்டுக்காகக் காத்திருந்த இரண்டு மாதம். வீட்டில் சும்மா இருக்க வேண்டாம் என்று அம்மா என்னை மாமாவோடு அனுப்பிவைத்தார். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லேத் பட்டறை. மாமாவுக்கு அங்கே கிரைண்டிங் மெஷின். வருவதெல்லாம் பெரும்பாலும் படகு டீசல் எஞ்சின் வேலைதான்.

தேய்ந்துபோன கிராங்க் ஷாஃப்ட் ஒன்று வரும். பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருக்கும். அந்த இடத்தில் வெல்டிங் வைத்து உலோகத்தை ஏற்றுவார்கள். ஏற்றியது கரடுமுரடாக, அளவுக்கு மேல் தடித்து நிற்கும். லேத்தில் போட்டு ஓரளவு கடைந்து, கடைசியில் கிரைண்டிங் மெஷினில் தேய்த்துச் சரியான அளவுக்குக் கொண்டுவருவார்கள். ஏத்து, அப்புறம் தேய். இதுதான் மொத்த வேலையும்.

ஒரு நாள் மாமா டீ குடிக்கப் போன நேரம். மெஷினை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். சீக்கிரம் முடிக்கலாம் என்று ஃபீடைக் கொஞ்சம் அதிகம் கொடுத்துவிட்டேன். கூலன்ட் குழாயும் சரியான இடத்தில் விழவில்லை. தேய்த்த இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு நீலத் திட்டு வந்தது. பயந்துபோய், எமரி பேப்பரை எடுத்துப் பளபளவென்று தேய்த்தேன். நீலம் போய்விட்டது. அளவெடுத்தால் அளவும் சரி. நான் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்தப் படகை இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. ஏழு பேர், ஒரு ராத்திரி முழுக்கக் கடலில் எஞ்சின் இல்லாமல். உடைந்த கிராங்கை மாமா வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேரிங் இடத்தில் முடி மாதிரி மெல்லிய கீறல்கள், ஷாஃப்டின் நீளவாக்கில். அங்கிருந்து சாய்வாகப் பிளந்திருந்தது. "கல்லு ஓடுறதுக்குக் குறுக்கால கீறல் வுட்டிருக்குது பாரு. இது கிரைண்டிங்ல வந்த சூடுடா" என்றார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது நான் எழுதுவது சாஃப்ட்வேர். ஆனால் கடந்த சில மாதங்களாக உலோக முப்பரிமாண அச்சு பற்றிப் படித்துக் குறிப்பெடுக்கும்போதெல்லாம் அந்த நீலத் திட்டு ஞாபகத்துக்கு வருகிறது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

சென்னையில் அச்சான எஞ்சின்

2024 மே 30 காலை, ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து அக்னிகுல் காஸ்மாஸ் நிறுவனத்தின் சோதனை ராக்கெட் கிளம்பியது. எண்ணூரில் இருந்து கரையோரமாக வடக்கே போனால் பழவேற்காடு, அதையும் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. நம்ம ஊருக்கு அடுத்த ஊர் மாதிரிதான். அந்த நிறுவனம் 2017ல் சென்னையில் தொடங்கியது, ஐஐடி மெட்ராஸில் வளர்ந்தது. ராக்கெட்டில் இருந்த 'அக்னிலெட்' எஞ்சின், திரவ ஆக்சிஜனும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளும் கொண்டு எரிவது. முழு எஞ்சினும் ஒரே துண்டாக, இன்கோனல் என்ற நிக்கல் சூப்பர் அலாயில் அச்சிடப்பட்டது.

அதே மே மாதம் 9ஆம் தேதி இஸ்ரோவும் ஒரு சோதனை செய்தது. பி.எஸ்.எல்.வி.யின் நாலாவது அடுக்கில் இருக்கும் பிஎஸ்4 எஞ்சினை அச்சு முறையில் செய்து 665 விநாடி எரித்துப் பார்த்தார்கள். 14 பாகங்கள் ஒன்றாயின. 19 வெல்டிங் இணைப்புகள் காணாமல் போயின. முன்பு ஒரு எஞ்சினுக்கு 565 கிலோ மூலப்பொருள். அச்சில் 13.7 கிலோ உலோகப் பொடி போதும் என்றது இஸ்ரோ.

இந்த எண்களைப் பார்த்ததும் என்னைப் போன்ற சாஃப்ட்வேர்காரனுக்கு என்ன தோணும்? "டிசைன் போடு, பிரிண்ட் அமுக்கு, வேலை முடிஞ்சுது." நானும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் உள்ளே போனால், அச்சு முடிந்த இடத்தில்தான் மாமாவின் வேலை ஆரம்பிக்கிறது.

இன்கோனலுக்கு என்ன அப்படி ஒரு அடம்?

இன்கோனல் 718ல் பாதிக்கு மேல் நிக்கல். 17ல் இருந்து 21 சதவீதம் குரோமியம், ஏறக்குறைய 5 சதவீதம் நியோபியம், கொஞ்சம் மாலிப்டினம், டைட்டானியம், அலுமினியம், மீதி இரும்பு. சரியான சூட்டில் பதப்படுத்தினால் நிக்கலும் நியோபியமும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக உள்ளே உருவாகும். உலோகத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் இந்தத் துகள்கள் பிடித்துக்கொள்ளும். சாதாரண எஃகு தளர ஆரம்பிக்கும் 600 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் இது கெட்டியாக நிற்பது அதனால்தான். விமான எஞ்சின், ராக்கெட், மின்நிலைய கேஸ் டர்பைன் எல்லாவற்றிலும் இந்தக் குடும்பத்து உலோகங்கள் இருக்கின்றன.

சூட்டில் தளராத உலோகம், வெட்டும்போதும் தளராது. வெட்ட வெட்ட மேல்தோல் இன்னும் கடினமாகும். அதோடு, இதற்குச் சூட்டைக் கடத்தத் தெரியாது. சாதாரண எஃகு கடத்துவதில் நான்கில் ஒரு பங்குகூட இது கடத்தாது. தோசைக்கல்லில் ஒரு இடத்தில் மட்டும் அடுப்பு எரிந்து, சூடு பக்கத்துக்குப் பரவாவிட்டால் என்ன ஆகும்? அந்த இடம் கருகும். இன்கோனலில் கல்லு பட்ட இடத்தின் கதி இதுதான். சாதாரணக் கல்லால் லேசாகத் தேய்க்கும்போது உண்டாகும் சூட்டில் பாதிக்கு மேல் வேலைத்துண்டுக்குள்ளேயே இறங்குகிறது. இறங்கியது அங்கேயே தேங்கி நிற்கும்.

அச்சு முறை இங்கே பிரபலமானதற்கு இந்த அடமும் ஒரு காரணம். வெட்டுவது கஷ்டம் என்றால் வெட்டாமலே உருவத்தைக் கொண்டுவந்துவிடலாமே! ராக்கெட் எஞ்சின் சுவருக்குள் எரிபொருள் ஓடிக் குளிர்விக்கும் மெல்லிய வாய்க்கால்களை, எந்த டிரில்லும் போக முடியாத வளைவுகளில், அச்சு சுலபமாகப் போட்டுவிடும்.

அச்சு தரும் தோல்

அச்சு எப்படி நடக்கிறது? பெரும்பாலும் 15ல் இருந்து 45 மைக்ரான் அளவுள்ள உலோகப் பொடியை மெல்லிய படுகையாகப் பரப்புகிறார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு அடுக்கு சுமார் 40 மைக்ரான், அதாவது தலைமுடியைவிட மெலிது. லேசர் வேண்டிய இடத்தை மட்டும் உருக்கும். மறுபடி பொடி, மறுபடி லேசர். இப்படி ஆயிரக்கணக்கான அடுக்குகள். யோசித்துப் பார்த்தால் இதுவும் வெல்டிங்தான், ரொம்பப் பொடிசான வெல்டிங்.

அதனால் வெல்டிங்கின் குணங்களும் கூடவே வருகின்றன. மேல்தோலில் பாதி உருகிய பொடி ஒட்டியிருக்கும். தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, சராசரி 5ல் இருந்து 15 மைக்ரான். அளவும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை முன்னே பின்னே இருக்கும். எரிபொருள் ஓடும் வாய்க்காலுக்கு இது பரவாயில்லை. ஆனால் சீல் உட்காரும் முகம், பேரிங் பிடிக்கும் இடம், டர்பைன் பிளேடின் வேர்ப்பகுதி இங்கெல்லாம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு துல்லியமும், ஒரு மைக்ரானுக்குக் கீழே வழவழப்பும் வேண்டும். அச்சு அங்கே போகாது. கல்லுதான் போகும்.

எந்தக் கல்லு?

உலகத்திலேயே கடினமானது வைரம், அதை வைத்துத் தேய்க்கலாமே என்று நானும் நினைத்தேன். ஆகாது. வைரம் கார்பன். உராய்வுச் சூட்டில் நிக்கலும் இரும்பும் கார்பனை இழுத்துக் கரைத்துக்கொள்ளும், வைரம் வேகமாகத் தேய்ந்துபோகும். அதனால் நிக்கல் அலாய்களுக்கு அலுமினியம் ஆக்சைடு கல், அல்லது கனசதுர போரான் நைட்ரைடு. இரண்டாவது வைரத்துக்கு அடுத்த கடினம், 1957ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் உருவானது. விலை அதிகம். ஆனால் சூட்டைத் தானே இழுத்துக்கொள்வதால் வேலைத்துண்டு தப்பிக்கும்.

இயற்கையில் கிடைக்கும் அலுமினியம் ஆக்சைடுக்குத் தமிழில் குருந்தம் என்று பெயர். கொங்குப் பக்கம் சித்தம்பூண்டி பாறைகளில் இருப்பது அதுதான். ஆங்கிலத்தில் அதை 'கொரண்டம்' என்கிறார்களே, அந்தச் சொல்லே நம் குருந்தத்தில் இருந்து போனது. 1891ல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் மின்உலையில் ஒரு புதுக் கடினப்பொருளைக் கண்டுபிடித்தபோது, அது கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று தப்பாக நினைத்து 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அந்தப் பெயரோடு 1954ல் முருகப்பா குழுமமும், அமெரிக்காவின் கார்போரண்டம் கம்பெனியும், இங்கிலாந்தின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் கம்பெனியும் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கின. அதன் தொழிற்சாலை வந்த இடம் நம்ம திருவொற்றியூர். போய்த் திரும்பி வந்த தமிழ்ச் சொல் ஒன்று திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் போர்டில் நிற்கிறது. எத்தனை வருஷம் பஸ்ஸில் அதைக் கடந்து போயிருக்கிறேன், தெரியாமலே!

கல்லின் கடினம் மட்டும் போதாது, அதன் ஓட்டைகளும் முக்கியம். டர்பைன் பிளேடு வேர்களைத் தேய்க்கப் பயன்படும் கற்கள் ரொட்டி மாதிரி துளை நிறைந்தவை. அந்தத் துளைகள் கூலன்டைச் சுமந்துபோய் வெட்டும் இடத்தில் கொட்டும், சீவலை வெளியே கொண்டுவரும். கூலன்டுக்கும் ஒரு எல்லை உண்டு. தண்ணீர் கலந்த கூலன்ட் என்றால் தொடும் இடத்தில் சுமார் 130 டிகிரி தாண்டியதும் ஆவிப்படலமாகிவிடும். அதன்பின் அது சூட்டை எடுக்காது, வெப்பநிலை ஒரே தாவலாக ஏறும். எண்ணெய்க் கூலன்டில் அந்த எல்லை சுமார் 300 டிகிரி. என் நீலத் திட்டும் இப்படி ஒரு நொடியில்தான் வந்திருக்க வேண்டும்.

வரிசை தப்பினால் எல்லாம் தப்பும்

இரண்டு வேலையையும் சேர்க்கும்போது எது முன்னால், எது பின்னால் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

அச்சு முடிந்த துண்டுக்குள் வில்லை இழுத்துக் கட்டினது மாதிரி இழுவிசைகள் இருக்கும். அடித்தட்டில் இருந்து அப்படியே அறுத்தெடுத்தால் வளையும். அதனால் தட்டோடு சேர்த்தே முதலில் சூடாக்கி இழுவிசையைத் தளர்த்துவார்கள். பிறகு அறுப்பார்கள். அடுத்து 'ஹிப்' உலை: 1,100 டிகிரிக்கு மேல், ஏறக்குறைய 1,000 வளிமண்டல அழுத்தத்தில் ஆர்கான் வாயு நாலா பக்கமும் அமுக்கும். உள்ளே இருக்கும் நுண்துளைகள் மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் பலம் ஏற்றும் பதப்படுத்தல்: 720 டிகிரியில் 8 மணி நேரம், 620 டிகிரியில் 8 மணி நேரம். இத்தனை சூட்டிலும் துண்டு கொஞ்சமாவது அசையும். அதனால் கடைசித் தேய்ப்பு எல்லாவற்றுக்கும் பின்னால்தான்.

இதில் ஒரு சூட்சுமம். அச்சில் லேசர் முதலில் ஓரக்கோட்டையும் தனியாக உள்பகுதியையும் வரையும். இரண்டும் சந்திக்கும் இடம் மேல்தோலுக்குக் கீழே மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்கு ஆழம். நுண்துளைகள் கூடும் இடமும் அதுதான். தேய்ப்பதற்கு நாம் விடும் கனமும் கிட்டத்தட்ட அவ்வளவே! ஹிப் செய்யாமல் தேய்த்தால், அழகாக மூடியிருந்த துளைகளை நாமே தோண்டித் திறந்துவைப்போம். திறந்த துளையை ஹிப் மூடாது, ஏனென்றால் அமுக்கும் வாயு துளைக்குள்ளேயும் புகுந்துவிடும். ஆகவே எவ்வளவு கனம் தேய்ப்புக்கு விடுவது, எந்த முகத்தை அளவுக்கு ஆதாரமாகப் பிடிப்பது, சாணை மெஷினில் கவ்வுவதற்கு எங்கே ஒரு தற்காலிகக் காது வைப்பது, இதையெல்லாம் டிசைன் ஃபைலிலேயே போட்டாக வேண்டும். அச்சுக்கு ஏற்ற மெல்லிய சுவர் கல்லின் அழுத்தத்தில் பின்னால் வளைந்துகொடுக்கும். கல்லு தாண்டியதும் பழைய இடத்துக்கு வரும், அளவு தடித்து நிற்கும்.

ஒரே மெஷினில் இரண்டும்

ஏற்றுவதையும் தேய்ப்பதையும் ஒரே மெஷினில் செய்தால் என்ன? துண்டைக் கழற்றி மாட்ட வேண்டாம், ஆதாரம் மாறாது. பின்னால் மூடிவிடும் உள்பக்கத்தையும் மூடுவதற்கு முன்பே வழவழப்பாக்கலாம். அச்சையும் மில்லிங்கையும் சேர்த்த மெஷின்கள் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் பல வருஷமாக விற்பனையில் உள்ளன. தேய்ந்த டர்பைன் பிளேடின் நுனியில் லேசரும் பொடியும் கொண்டு உலோகம் ஏற்றி, பிறகு அளவுக்குத் தேய்ப்பது விமான எஞ்சின் பழுதுபார்ப்பில் வழக்கமான வேலை. காசிமேட்டுக் கிராங்க் வேலையேதான், உலோகமும் கட்டுப்பாடும் வேறு.

ஆனால் கல்லைச் சேர்ப்பது மில்லிங் கட்டரைச் சேர்ப்பதுபோல அவ்வளவு சுலபமில்லை. கல்லு தானும் உதிரும். உதிர்ந்த குருந்தத் துகள் ஒன்று மேல்தோலில் பதிந்து, அதன்மேல் அடுத்த அடுக்கு ஏறினால், உள்ளே நிரந்தரமாக ஒரு பீங்கான் துண்டு. களைப்பு விரிசல் அங்கிருந்து தொடங்கலாம். கூலன்ட் ஈரம் உருகிய உலோகத்தில் பட்டால் நுண்துளை. கூலன்ட் இல்லாமல் தேய்த்தால் சூடு. ஒவ்வொரு முறை மாறும்போதும் துடைத்து, உலர்த்தி, மறுபடி ஏற்ற வேண்டும். அதனால் பெரும்பாலான இடங்களில் இன்றைக்கும் இரண்டு மெஷின், நடுவில் உலைகள் என்பதே நடைமுறை.

கண்ணுக்குத் தெரியாத காயம்

இப்போது நீலத் திட்டுக்கு வருகிறேன். நீலம் என்பது சூட்டில் மேலே படர்ந்த மெல்லிய ஆக்சைடு படலம். நான் எமரியில் எடுத்தது அந்தப் படலத்தை மட்டும். கீழே இறங்கிய சூடு அந்த எஃகின் அமைப்பையே மாற்றி, மேல்தோலை இழுவிசையில் விட்டிருந்தது. இழுவிசையில் இருக்கும் தோலில் கீறல் தானாக வளரும். சாட்சியை அழித்தேன், காயம் அப்படியே இருந்தது.

இன்கோனலில் இது இன்னும் சிக்கல். எஃகைக் கருக்கியிருக்கிறோமா என்று காந்த இரைச்சலைக் கேட்டே கண்டுபிடிக்கும் கருவி உண்டு. இன்கோனல் 718 சாதாரண வெப்பநிலையில் காந்தத்தில் ஒட்டாது, அந்தக் கருவி இங்கே செவிடு. கீறல் வந்துவிட்டால் ஒளிரும் திரவத்தைத் தடவி அல்ட்ரா வயலட் வெளிச்சத்தில் பார்க்கலாம். வருவதற்கு முன் இழுவிசையை அளக்க எக்ஸ்ரே முறை வேண்டும், எல்லாத் துண்டுக்கும் அது கட்டுப்படியாகாது. ஆகவே தேய்க்கும்போதே கல்லின் சக்தி, சத்தம், கூலன்ட் அழுத்தம் எல்லாவற்றையும் சென்சாரில் பதிவு செய்கிறார்கள். பதிவைத் திருத்த முடியாதபடி வைக்கிறார்கள். ஏன் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

565 கிலோவில் இருந்து 13.7 கிலோ என்பது பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் அந்த மாதிரித் துண்டு கடைசி மேஜைக்கு வரும்போது அதில் பல நாள் அச்சும், பல நாள் உலையும் சேர்ந்திருக்கும். கடைசி கால் மில்லிமீட்டரைத் தேய்ப்பவர் கையில்தான் அத்தனையும். பழைய முறையில் ஒரு பாகம் கருகினால் ஒரு பாகம் போகும். ஒரே துண்டு எஞ்சினில் ஒரு முகம் கருகினால் எஞ்சினே போகும். அச்சு மெஷின் வாங்குவதைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு, இந்தக் கைகளைப் பயிற்றுவிப்பது பற்றிப் பேசுவதில்லை. ராயபுரத்தில் இருந்து எண்ணூர் வரை இந்த வேலை தெரிந்த தலைமுறை ரிட்டயர் ஆகிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் காலடிப்பேட்டையில் மாமாவைப் பார்க்கப் போனேன். போனில் அச்சான எஞ்சின் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்தார். "மேல சொரசொரன்னு கீதே, சீல் ஒக்கார்ற எடத்த யாரு தேய்ச்சாங்க?" என்றுதான் கேட்டார். அப்போதுதான் அந்தக் கிராங்க் விஷயத்தைச் சொன்னேன். எமரி உட்பட, எல்லாவற்றையும்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன். "அன்னிக்கு எந்தக் கல்லு போட்டிருந்துச்சு, ஞாபகம் கீதா?" என்றார். இல்லை என்றேன். "காலைல இருந்தே கல்லு மழுங்கிப் போய் வழுக்கினே இருந்துச்சு. டிரெஸ் பண்ணிட்டுப் போலாம்னு நெனச்சேன், டீ குடிச்சிட்டு வந்து பண்ணிக்கலாம்னு வுட்டுட்டேன். மழுங்கின கல்லு வெட்டாது, தேய்க்கும். சூடு ஏறாம இன்னா பண்ணும்?"

அப்புறம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஆனா அந்த நீலத்த நீ எங்கிட்ட காட்டியிருக்கணும்டா" என்றார்.